ஐந்தாவது எல்லை

மூதூரில் ஒரு நொத்தாரிசுக்குக் கீழே
பத்தொன்பது வருடமாய் உறுதி எழுதுகிறேன்.
வடக்கே வாய்க்கால்.
கிழக்கே உதுமாலெவ்வையின் வாரிசுகள் காணி.
தெற்கே றோட்டு.
மேற்கே, முன்பு முதிரை நின்ற இடம்.
இதனுள் அடங்கிய கிணறு, வான்பயிர், தான்பயிர், சகலதும்.

எத்தனை முழம் கீழே என்று
யாரும் கேட்டதில்லை.

முன்பொருமுறை
கரி வரும் என்று வேலி போட்டு
கரி வராமலே வேலி துருப்பிடித்த பக்கம் அது.
இம்முறை இரும்பு என்றார்கள்,
பிறகு செம்பும் என்றார்கள்.
அரைக்கட்டை தள்ளி ஒரு வாய் திறந்தது.
அது எந்தப் பக்கம் நடக்கிறது என்று
மேலே இருந்தவர்களுக்குத் தெரியாது.
இரவு இரண்டு மணிக்குச் சட்டிமூடிகள் கிணுகிணுக்கும்.
அப்போது தெரியும்.

அருந்தவராணி முறைப்பாட்டோடு வந்தது கார்த்திகையில்.
சீதனமாய் வந்த வயல், இரண்டு ஏக்கர் ஒரு றூட்.
ஒரு மூலையில் பயிர் மூழ்கிக் கிடக்கிறது,
எதிர் மூலையில் சேறு வெடிக்கிறது.
வட்டவிதானை வந்து
வக்கடையை இடம் மாற்றி வெட்டிப் பார்த்தார்.
தண்ணீர் கேட்கவில்லை.
மனிசர் மறைக்கலாம், வரைபடம் மறைக்கலாம்,
தண்ணீருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

கம்பனிப் படிவத்தில் கட்டங்கள் இருந்தன:
சுவர் வெடிப்பு, விரல் கணக்கில்.
தென்னை, காய்ப்பது, காய்க்காதது.
கிணறு.
(ஆனியில் பதினெட்டு முழம்
இப்போது இருபத்தாறு;
தோய்த்த பள்ளிச் சட்டை மஞ்சளாய்க் காய்கிறது.)
வயல் சாய்ந்ததற்குக் கட்டம் இல்லை.
'வேறு' என்ற இடத்தில்
எழுத்தைச் சிறிதாக்கி எழுதிக் கொடுத்தேன்.

அதிகாரி நிஸ்ஸங்க நல்ல தமிழ் பேசினார்.
"ஒரு இஞ்சிதானே அம்மா, வயல் என்ன கப்பலா?"
"நாத்துக்கு ஒரு இஞ்சியிலதான் ஐயா கழுத்து."

அவர் சட்டத்தை வாசித்துக் காட்டினார்.
நிலத்துக்கு அடியில் கிடப்பது அரசுக்குச் சொந்தம்.
அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.
"அப்ப நான் எதில நிக்கிறன்?"
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
நான் பேனாவை மூடித் திறந்தேன்.

தை பிறந்ததும்
மகள் நிரோஜினிக்கு நன்கொடை உறுதி.
நாலு எல்லையும் வாசித்து முடித்தேன்.
"கீழயும் எழுதுங்கோ."
"கீழ என்னெண்டு எழுதிறது?"
கொஞ்சம் யோசித்தாள்.
கிணற்றை நினைத்திருக்க வேண்டும்.
"நல்ல தண்ணி ஊறுற மட்டும்."

எழுதினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.
மேற்கு எல்லைக்குப் பிறகு, பதினாறாம் வரியில்:
*கீழே, நல்ல தண்ணீர் ஊறும் ஆழம் வரை.*

நொத்தாரிசு கண்ணாடியை ஏற்றி
என்னை ஒருமுறை பார்த்தார்.
அடிமட்டம் வைத்துச்
சிவப்பு மையால் ஒரு கோடு.
சரிதான்; இப்படி ஓர் எல்லையை
எந்த நில அளவையாளர் கல் நட்டுக் காட்டுவார்?

ஆனால் உறுதியில் ஒரு சொல்லை வெட்டினால்
வெட்டியதை அத்தாட்சியில் சொல்லியாக வேண்டும்.
அது முறை.
அவரே சொல்லச் சொல்ல நானே எழுதினேன்:
*பதினாறாம் வரியில்
'கீழே, நல்ல தண்ணீர் ஊறும் ஆழம் வரை'
என்னும் சொற்கள்
கையொப்பமிட முன்னர் வெட்டப்பட்டன
என்பதை இத்தால் அத்தாட்சிப்படுத்துகிறேன்.*
கையொப்பம். முத்திரை.
மூன்று பிரதியிலும்.

பதிய எடுத்துக்கொண்டு திருகோணமலைக்குப் போனேன்.
கிண்ணியாப் பாலத்தில் பஸ் மெதுவானது,
மடியில் காகித உறை,
சன்னலில் உப்புக்காற்று.
காணிப் பதிவகத்தில்
புதிதாய் வந்த பெண் விரல் வைத்து வாசித்தாள்.
"இது என்ன, கீழே?"
"வெட்டினது, தங்கச்சி."
"வெட்டினதுதான். வாசிக்கேலுமாக் கிடக்கு."

பக்கங்களை எண்ணினாள்.
பற்றுச்சீட்டுக்கு அடுத்த ஜன்னல் என்றாள்.
அங்கே சாப்பாட்டு நேரம்.