நான்கு பேர் தாராளம்

பெட்டியின் மேல் நான்கு மனித உருவங்கள்
தீக்குச்சிகள் போல அடுக்கப்பட்டிருந்தன.
தலையணை இல்லை, பை இல்லை,
ஒருவருக்கும் முழங்கை இல்லை.

"நாலு பேர் தாராளம் சார்" என்றார்
மிஷன் வீதிக் கடைக்காரர்.
கடையின் அகலமே ஆறடி.
விரித்துக் காட்டுங்கள் என்றால்
மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தார்.
அளவை மட்டும்
பஸ் டிக்கெட்டின் முதுகில் குறித்துக்கொண்டு
கடலூர் திரும்பினோம்.

ஞாயிறு காலை, மஞ்சக்குப்பம்,
ரெஜினா வீட்டு மொட்டை மாடி.
பள்ளிக்கூடத்துச் சாக்பீஸால் அவளே கோடு கிழித்தாள்:
இருநூற்றுப் பத்துக்கு இருநூற்று நாற்பது சென்டிமீட்டர்.
பாண்டி ஆடப் போகிறீர்களா என்று கேட்டது
பக்கத்து மாடிக் குழந்தை.
செருப்பைக் கழற்றிவிட்டு
நான்கு பேரும் கட்டத்துக்குள் படுத்தோம்.

தேவநாதனின் பாதங்கள் கோட்டைத் தாண்டின.
அவனைக் குறுக்குவாட்டில் போட்டால்
எனக்கு ஒரு முக்கோணம்தான் மிச்சம்.
தூக்கத்தில் புரளுவேன், உதைத்தாலும் உதைப்பேன் என
முன்கூட்டியே அறிவித்தாள் ரெஜினா.
மூவாயிரம் மில்லிமீட்டர் தாங்கும் என்றால்
அது எந்த ஊர் மழை?
தானே புயலைப் பார்த்தவர்களா அளந்தார்கள்?
தரை சுடத் தொடங்கியது.
வாக்குவாதம் மல்லாந்தபடியே நடந்தது,
மேலே போன கொக்குகளிடம் நியாயம் கேட்பதைப் போல.

எங்களுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை.
மாசி இரவுகளில், தாழங்குடா மணலில்,
பங்குனி ஆமை கரையேறுகிற வரை
இரண்டு பேர் நடக்க, இரண்டு பேர் கண்ணயர
ஓர் இடம்.
வெளிர்நிறம் ஆகாது,
நிலவில் மினுங்கினால் அவள் திரும்பிப் போய்விடுவாள்.
கடையில் இருந்தவை ஓர் ஆரஞ்சும் ஒரு பாசிப்பச்சையும்.
பச்சைக்கு இருநூறு ரூபாய் கூடுதல்,
ஏனென்று கடைக்காரருக்கும் தெரியவில்லை.

மதியழகன் ஒன்றும் பேசவில்லை.
ஓரத்தில், கைகளை மார்போடு மடித்து,
எங்கள் எல்லோரையும் விடக் குறைவாக
இடம் எடுத்துப் படுத்திருந்தான்.

பிறகு எழுந்து சாக்பீஸை வாங்கி
கடல் இருக்கும் பக்கம் ஒரு வாசல் போட்டான்.
நேர் எதிரே இன்னொன்று.

"ரெண்டு வாசல் இல்லாதது வேணாம்.
ஜிப்ப நல்லா இழுத்துப் பாக்கணும்,
மணல் ஏறுனா மொதல்ல போறது அதான்.
கூட குடுக்குற கம்பி நம்ம மணல்ல நிக்காது.
சிமெண்டுச் சாக்குல மணல ரொப்பி
முழங்கை ஆழம் பொதைக்கணும்.
பகல்ல உள்ள இருக்க முடியாது, வேகும்.
நமக்கு ராத்திரிதான, பரவால்ல."

எங்கடா படிச்ச இதையெல்லாம் என்று
கேட்க வாய் திறந்த தேவநாதன்
கொட்டாவி விடுவதைப் போல மூடிக்கொண்டான்.
தேவனாம்பட்டினம்.
அந்த மார்கழியில் மதியழகனுக்கு ஏழு வயது.
யாரோ கொடுத்த நீலக் கூடாரத்தில்
ஒன்பது பேர், பதினோரு மாதம்.
ஒரே ஒரு முறை எங்களிடம்
கணக்குச் சொல்லியிருக்கிறான்,
கணக்கை மட்டும்.

சாயங்காலமே மறுபடி மிஷன் வீதி.
ஆறு பேருக்கு என்று எழுதிய பாசிப்பச்சை, இரண்டு வாசல்.
மூவாயிரத்து எண்ணூறில் முந்நூறு குறைத்தாள் ரெஜினா.
பில் போட்டு முடிகிற வரை
மதியழகன் ஜிப்பை இழுத்துக்கொண்டே இருந்தான்.
"பிய்ஞ்சிடும் தம்பி" என்றார் கடைக்காரர்.
"அதான் பாக்குறேன்."

மறுநாள் ரெஜினா ஒரு படம் அனுப்பினாள்.
மாடியில் கோடு அழியவில்லை.
அவள் அம்மா கட்டத்துக்குள் துணி விரித்து
அளவாக வடகம் பிழிந்திருந்தார்,
இரண்டு வாசலையும்
அடைக்காமல்.