பெய்லி

திங்கள், காலை பத்து. இன்வர்லாதி நகரமன்றம்.
கடல்மூடுபனி என் மைக்கூடு வரை வந்துவிட்டது.
எழுத்தர் நான், கீழ்மேசை.
மூன்று படி மேலே, வெள்ளிச் சங்கிலி புரள,
பெய்லி கில்லாண்டர்ஸ்.
மற்ற நாட்களில் நிலக்கரி வியாபாரி;
எவ்வளவு தேய்த்தும்
நகக்கண்ணில் கொஞ்சம் கடை மிச்சமிருக்கும்.

ஐசபெல் மட்ச், மீன்காரி.
வங்கி வாசற்படியில் கூடையை இறக்கி
கனவான்களின் வழியை மறித்த குற்றம்.
சாட்சிப்பொருள் தரையில் இருக்கிறது;
அறை முழுக்க ஹெர்ரிங் வாடை.

"ஏன் அங்கே வைத்தாய்?"
"அந்தப் படிதான் ஐயா இடுப்பு உயரம்.
தரையில் வைத்தால்
தூக்கிவிட ஓர் ஆள் வேணும்."

"இது பெய்லியின் நீதிமன்றம்.
பெய்லி என்றால் என்னவென்று தெரியுமா உனக்கு?"

"தெரியாது," என்றாள். பிறகு
"உங்களுக்கு?"

கணப்பில் ஒரு கட்டை முறிந்தது.
பெய்லி என்னைப் பார்த்தார்.
பணம் தீரும்வரை இரண்டு குளிர்காலம்
அபர்தீனில் லத்தீன் படித்தவன் நான்.

"பிரெஞ்சுக்காரர் தந்த சொல், ஐயா.
அரசன் பெயரால் நீதி பார்ப்பவர்."
சங்கிலி நிமிர்ந்தது.
"அதற்கும் முன்னால்?"

சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"அதற்கும் முன்னால், ரோமாபுரியில்,
பாயுலுஸ்.
கூலிக்கு மூட்டை சுமக்கிறவன்."

யாரும் சிரிக்கவில்லை.
ஐசபெல் மட்டும் அவருடைய தோள்களைப் பார்த்தாள்,
விலை கேட்கும் முன் குதிரையைப் பார்ப்பதுபோல.

"அபராதம் ஒரு ஷில்லிங்."
எண்ணிக் கொடுத்தாள், எல்லாம் செதில் ஒட்டிய காசு.
கூடைக்குக் குனிந்தாள். முக்கால் அந்தர்.
காவலர் கூரையைப் பார்த்தார்.
நான் பேனாவை.

படியிறங்கும் பூட்ஸ் சத்தம்.
முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து,
அடியில் ஒரு கை, விளிம்பில் ஒரு கை,
மூச்சை ஒரு தரம் இழுத்து.
சங்கிலி கழுத்தில்தான் இருந்தது; ஆனால்
தூக்கியது வேறு யாரோ,
பதினாறு வயதில் கரிமூட்டையோடு
மாடி மாடியாக ஏறிய யாரோ.

பட்டையை நெற்றியில் சரிசெய்தாள்.
போகத் திரும்பியவள் நின்றாள்:
"பொறுங்க ஐயா.
சங்கிலி கூடையில மாட்டியிருக்கு."

பொறுத்தார்.
தலை குனிந்து, மீன்காரியின் தோளருகே,
அவள் விரல்கள் ஒவ்வொரு வளையமாக
விடுவிக்கும்வரை.

பதிவேட்டில் எழுதினேன்:
அபராதம் ஒரு ஷில்லிங். செலுத்தப்பட்டது.
அடுத்த வரிக்கு
எந்த மொழியில் வினைச்சொல் தேடுவது என்று தெரியாமல்
மை காய்ந்தது.

இரண்டாவது வழக்கு, ஒரு நாய்.