தொகையை மட்டும் மாற்று

வில்லிவாக்கம் மார்க்கெட்டுக்குப் பின்னால்
ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ்.
தெருவின் வாடகை ஒப்பந்தமெல்லாம்
என் விரல் வழியேதான் போகும்.

இன்று பிற்பகல் வந்தவர் என் வீட்டுக்காரர்.
என்னைக் கட்டியவர் இல்லை,
வீட்டைக் கட்டியவர்:
ஏகாம்பரநாதன்.

"பழைய ஃபைலையே திறம்மா.
தொகையை மட்டும் மாத்து.
பதினொன்றரை இனிமே பதினாலு."

ஃபைலுக்கு என் பெயர்தான்.
பரிமளா, மாடி, பின்பக்கம்.
அந்த எண்ணுக்குப் பக்கத்தில்
கர்சர் துடிக்கிறது,
ஊசி போடும் முன் குழந்தையின் கண்ணிமை மாதிரி.

மழைக்கு ஒழுகும் கூடத்து மூலை,
துணியை மஞ்சளாக்கும் போர் தண்ணீர்,
தள்ளித் தள்ளிச் சாத்தவேண்டிய கதவு
எதுவும் எந்த ஷரத்திலும் இல்லை.

ஆனால் ஏழாம் ஷரத்து இருக்கிறது.
முன்னூறு பேருக்கு அடித்திருப்பேன்,
எனக்கென்று ஒருமுறையும் படித்ததில்லை.

"வாடகையை உயர்த்துவதாயின்
மூன்று மாதம் முன்பே எழுத்து மூலம்..."

வாய்விட்டுப் படித்துவிட்டேன்.
ஆதார் ஜெராக்ஸுக்கு நின்ற பையன்
திரும்பிப் பார்த்தான்.

"லெட்டர் குடுத்தீங்களா சார்?"

"நமக்குள்ள என்னம்மா லெட்டர்?"
சிரித்தார்.
யாரும் கூடச் சிரிக்கவில்லை என்றதும்
அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நானே அடித்துத் தருகிறேன் என்றேன்,
இன்றைய தேதி போட்டு.
உயர்வு மூன்று மாதம் கழித்து.
எவ்வளவு என்பதை அதற்குள் பேசலாம்,
மழை நாளில்,
அந்த மூலைக்குக் கீழே நின்று.

அவர் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.
பிரிண்டர் சூடாகிக்கொண்டிருந்தது.

ஒரு பக்கம், இருபது ரூபாய் சார்.
சில்லறையாக இருந்தால் நல்லது.