தொண்ணூற்றாறு படி

பங்குனியில் போவது என்று முடிவாயிற்று.
ஆனியில் போனால் பள்ளத்தின் அடியில்
மனிதன் அப்பளமாகிவிடுவானாம், பூங்கோதை சொன்னாள்.
ஐப்பசி எனக்கு ஆகாது,
எந்தக் கரை எப்போது உடையுமென்று
பொக்லைன் சாவியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கும் மாதம்.
தையில் அங்கே பனி கொட்டும். இங்கே சம்பா அறுப்பு.
மிஞ்சியது பங்குனி,
தூர் வாரும் டெண்டர் வருவதற்குள்
இருபத்தோரு நாள்.

அரிசோனாவிலிருந்து பட்டியல் குரல்பதிவாக வந்தது.
ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர்.
உப்புக் கடலை. தொப்பி.
புது ஷூ கூடாது, பழகின ஷூ
(எங்களிடம் பழகியது செருப்பு மட்டும்).
"அப்பா, இறங்க ரெண்டு மணி நேரம்னா
ஏற நாலுன்னு வச்சுக்கணும்.
மேட்டுல நடந்து பழகுங்க."

மேடு.
தலைஞாயிற்றுக்குக் கிழக்கே
சைக்கிள் விட்ட இடத்தில் நிற்கும், உருளாது.
பெய்த மழைக்கே எந்தப் பக்கம் போவதென்று
இரண்டு நாள் யோசனை.

ஊரில் உயரமென்று இருப்பது
மேல்நிலைத் தொட்டி ஒன்றுதான்.
அதன் சாவி செங்கமலத்தின் இடுப்பில்.
பதினோரு வருடமாக ஊருக்குத் தண்ணீர் திறக்கிறவள்.
விடிகாலை ஐந்துக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு
தொண்ணூற்றாறு படி.
நான் நாற்பதில் உட்கார்ந்தேன்.
மேலேயிருந்து குரல் வந்தது:
"வண்டி சீட்டுல ஏறி உக்காந்ததெல்லாம்
மலை ஏறுனதுன்னு நெனப்பா?"

மேலே நின்றால் ஊர் ஒரு தாம்பாளம்.
இறால் குட்டைகளில் சுழலும் சக்கரங்கள்,
தெற்கே உப்பளம் ஒரு வெள்ளைக் கீற்று.
"இது தலைகீழ்ப் பயிற்சி" என்றாள்.
"இங்க ஏறிட்டா இறங்குறது சும்மா.
அங்க இறங்குறது சும்மா,
அப்புறம்தான் கணக்கு."

இருபது வருடம் வாய்க்கால் தோண்டியவன் நான்.
ஓவர்சியர் அளவுகோலை நட்டு
மூன்றடி என்றால் மூன்றடி.
நாலாவது அடியில் உப்புத் தண்ணீர் ஊறும்.
போட்டோவில் அந்தப் பள்ளம் ஒரு மைல்.
டீசல் இல்லை, பில் இல்லை,
ஆறே இறங்கித் தோண்டியிருக்கிறது.
சரி, வாரிய மண்ணை எந்தக் கரையில் போட்டது?
வண்டி ஓட்டுகிறவனுக்குத்தான்
இந்தச் சந்தேகம் முதலில் வரும்.

போனில் வரைபடத்தைத் திறந்து
ஆற்றின் கோட்டை விரலால் பிடித்துக்கொண்டே போனேன்.
பள்ளம், அணை, வாய்க்கால், ஊர், அணை,
மறுபடி வாய்க்கால்,
பிறகு கோடு புள்ளியாகி
பிறகு வெறும் மஞ்சள்.
கடல் இன்னும் இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது.
"பெரும்பாலும் கடலுக்குப் போறதில்லப்பா."
செங்கமலம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"அப்ப அங்கயும் கடைமடைக்காரன் இருக்கான்."

கூத்தாநல்லூரில் ஜெய்னுலாப்தீன் கடை.
தொழில் என்ற கட்டத்தில் எனக்கு ஓட்டுநர்.
எதை ஓட்டுகிறாய் என்று படிவம் கேட்கவில்லை.
பள்ளத்துக்கு மூன்று நாள் என்றேன்.
"ரெண்டு போதும்" என்றாள் இவள்.
"ஒரு நாளு அந்த ஆத்தோட வாலுக்கு."
அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"அது எல்லைக்கு அந்தாண்ட, வேற நாடும்மா.
அங்க பாக்க என்ன இருக்கு?"
"தண்ணி வருதான்னு பாக்கணும்."
அவர் எதுவும் எழுதவில்லை.
பேனா மூடியைக் கழற்றி
மறுபடி மாட்டினார்.

மறுநாள் முதுகில் நாலு லிட்டர் கேனோடு ஏறினோம்.
எழுபதில் எனக்கு மூச்சு வாங்கியது.
"இன்னொரு கேனும் எடுத்துக்கணும்" என்றாள்.
"யாருக்கு?"
அவள் ஏறிக்கொண்டிருந்தாள்.
கீழே முதல் தெருக் குழாயில்
யாரோ குடத்தை வைக்கும் சத்தம்.