பெயர் போடாத கை

உறையில் பாடகர் படம், தொப்பியோடு.
லேபிளில் பாடியவர், எழுதியவர், கம்பெனி,
சுற்று நாற்பத்தைந்து.
கிதாரை மடியில் கிடத்தி
இரும்புக் கட்டையைக் கம்பிமேல் இழுத்தவன் பெயர்
எங்கும் இல்லை.

போத்தனூர் ரயில்வே காலனி,
டெஸ்மண்ட் வீட்டு முன்னறை.
அவன் கூட்ஸ் வண்டி கார்டு.
நான் குறிச்சிப் பிரிவில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன்.
அவனுக்கு ஓய்வும் எங்களுக்குக் கரண்டும்
ஒரே நாளில் வாய்த்தால் கேட்போம்.
இங்கிலீஷ் பாட்டில் பாதி எனக்குப் புரியாது.
அதுவும் நல்லதுக்குத்தானுங்க,
வார்த்தையைத் தாண்டிப் போய்க்
காது பின்னால் நின்றுகொள்ளும்.

பெயர் இல்லாதவர்களுக்கு நாங்களே வைத்தோம்.
எந்தச் சுரத்துக்கும் கீழே இறங்கி
மொண்டுகொண்டு மேலே வருகிறவன் ஏத்தக்காரன்.
கம்பியைத் தட்டிய சத்தம் கேட்காமல்
காலால் அமுக்கி அமுக்கித் திறந்துவிடுகிறவன் மதகு.
சுரத்தில் வந்து உட்கார்ந்து
ஒரு மூச்சு கழித்தே நடுங்க ஆரம்பிக்கிறவன்
குளிர்காய்ச்சல்.

டெஸ்மண்ட் பழைய கார்டு நோட்டில் எழுதுவான்.
'வருகை', 'புறப்பாடு' என்ற கட்டங்களில்
கிதார் நுழைந்த நொடி, போன நொடி.
நான் ஸ்க்ரூ டிரைவர் நுனியை
ஸ்பீக்கர் பெட்டியில் ஊன்றிப் பிடியைக் காதில் வைப்பேன்.
பேரிங் போன மோட்டாரை அப்படித்தான் கண்டுபிடிப்பது.
"பாட்டு என்ன ரிப்பேருக்கா வந்திருக்கு?" என்பான்.

மழையைப் பற்றி ஒரு பாட்டு, ரெண்டே கால் நிமிடம்.
அவன் மதகு என்றான்.
நான் ஏத்தக்காரன் என்றேன்.
ஆடியில் தொடங்கிய சண்டை
ஐப்பசியிலும் ஓயவில்லை.
நடுவில் ஒரு வாரம்
அவன் எனக்கு டீ போடவே இல்லை.

பூவாத்தா என்னைக் கூப்பிட வந்தாள்.
மதுக்கரையில் யாருக்கோ போர் மோட்டார் புகைந்துவிட்டது,
நான் போனை எடுக்கவில்லை.
செருப்பைக் கழற்றாமல் நிலைப்படியில் நின்றாள்.
பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இது ரெண்டு ஆளுங்க" என்றாள்.
"தறியில சிப்டு மாத்தற மாதிரி.
தறி நிக்காது, கை மாறும்."
எங்கே என்றேன்.
"அந்த 'டக்'குன்னுதே, அங்க.
வாங்க, அந்தாளு வண்டியோட நிக்கறாரு."

ஒரு நிமிடம் பன்னிரண்டாவது நொடி.
நகத்தால் மேசையைத் தொட்டதுபோல ஒரு சத்தம்.
ரெண்டு நாள் பதிந்ததை வெட்டி ஒட்டிய இடம்.
நாலு மாசமாய் அதைத் தூசி என்று நினைத்து
ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

தை பிறந்து, பெர்த்திலிருந்து
டெஸ்மண்டின் சித்தி மகன் ஒரு தாள் அனுப்பினான்.
அந்த ஸ்டுடியோவின் கூலிக் கணக்காம், நகல்.
மழைப் பாட்டுக்கு ரெண்டு தேதி.
முதல் தேதிக்கு நேரே ஒரு பெயர்,
மூன்று மணி நேரம், இவ்வளவு டாலர்.
ரெண்டாவது தேதிக்கு நேரே ஒரு கோடு.

பெயரை டெஸ்மண்ட் உரக்கப் படித்தான்.
மூன்று தடவை.
எனக்கு நாக்கில் ஒட்டவில்லை.
அவரை அன்றோடு ஏத்தக்காரன் என்று கூப்பிட
ஏனோ கூச்சமாகப் போய்விட்டது.
கோட்டுக்கு உள்ளே இருக்கிறவன்
இன்னும் மதகுதான்,
தாராளமாக வந்து போகிறான்.

போன சனிக்கிழமை
கிணத்துக்கடவிலிருந்து ஒரு மோட்டார் வந்தது.
மூடியைத் திறந்தேன்.
கருகிய காயில், முன்பு யாரோ கட்டியது.
நூல் முடிச்சு எல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது.
இந்தக் கையை நான் பார்ப்பது இது மூன்றாவது தடவை.
"முன்ன யாருட்ட கட்டுனீங்க?"
"எங்கப்பன் காலத்துல கட்டுனதுங்க, தெரியலையே."

ஒரு முடிச்சை மட்டும் அறுத்து
மேசை டிராயரில் போட்டேன்.
மற்ற ரெண்டும் அங்கேதான் கிடக்கின்றன.

"எப்பக் கிடைக்கும்?"
"நாளைக்கு மத்தியானமுங்க,
கரண்டு இருந்தா."