கல் அறுவடை

ஏப்ரல் பிறந்து ஒன்பது நாள்.
குளியல் கொட்டகையின் வடக்குச் சுவரோரம் மட்டும்
அழுக்குத் துணி மூட்டைபோல் கொஞ்சம் பனி,
போக மனமில்லாமல் கிடக்கிறது.
ருபார்ப் செடியின் சிவந்த மூக்கு
மண்ணைக் கீறி எட்டிப் பார்க்கிறது.

ஒரு பிடி மண் எடுத்து அழுத்துகிறேன்.
உருண்டை உதிரவில்லை.
கொழுக்கென்று உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கிறது.
பதம் வராத மண்ணில் மண்வெட்டி வைத்தால்
கோடை முழுக்கக் கட்டிதட்டிப் பழிவாங்கும்.

சரி, கல்லையாவது பொறுக்குவோம்.

எஸ்தோனியாவின் இந்தத் தென்கோடி மேடுகளில்
முதல் விளைச்சல் எப்போதும் கல்தான்.
விதைக்க வேண்டாம், நீர் ஊற்ற வேண்டாம்.
குளிர்காலம் முழுக்க அடியில் உறைந்த ஈரம்
தோள்கொடுத்துத் தூக்கித் தூக்கி
ஒவ்வொன்றாய் மேலே அனுப்பிவிடுகிறது.
போன வசந்தத்தில் பதினோரு வாளி.
இன்று காப்பி ஆறுவதற்குள் நான்கு.

வீடு வாங்கி ஆறு குளிர்காலம் ஆயிற்று.
கல்லோடு கல்லாய் வருடந்தோறும் வந்தவை
எனக்கு முன் இருந்தவர்களின் பொருள்கள்:
நீலப் பூப்போட்ட பீங்கான் சில்லு,
காதில்லாத கோப்பை,
ஒரு தகர வாத்து,
ஏதோ குழந்தையின் செருப்புக் கொக்கி.
ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன்,
தக்காளி நாற்று வளரும் தயிர் டப்பாக்களுக்கு நடுவே.
வரி கட்டுகிறவள் நான்.
மண் இன்னும் கணக்கு வைத்திருப்பது
அவர்கள் பெயரில்.

வெங்காயப் பாத்தியின் ஓரம்
வாளியில் போட்ட ஒன்று
கல்லின் சத்தம் தரவில்லை.

துடைத்தேன். துரு.
இறுகிப்போன சுருள்வில்.
பிடியில், நான் சுற்றிய பச்சை டேப்.

என் கத்தரி. கிளை வெட்டுகிற கத்தரி.

நான்கு வருடம் முன், இலையுதிர் காலம்.
பக்கத்து வீட்டுக் கால்யு இரவல் வாங்கிப் போனார்,
பிளாக்கரன்ட் புதரைக் கழிக்க.
தந்துவிட்டேன் என்றார்.
தரவில்லை என்றேன்.
வேலிமேல் வைத்தேனே என்றார்.
கடையில், ரொட்டிக்கு நின்ற வரிசையில்,
நான் சொன்னது ஒரே ஒரு சொல்.
அதை இங்கே எழுத மாட்டேன்.
மறுநாள் வேலிக் கம்பத்தில்
புதுக் கத்தரி தொங்கியது,
விலைச்சீட்டு கிழிக்காமல்.

அவர் பெயருக்கு எங்கள் மொழியில் பாறை என்று பொருள்.
அதன்படியே நடந்துகொண்டார்.
நான் அந்தப் புதுக் கத்தரியால்
நான்கு வருடமும் வெட்டினேன்.
நன்றாகத்தான் வெட்டுகிறது.

வேலியோரச் சருகைக் கூட்டி அள்ளி
இந்தப் பாத்தியில் புதைத்தது யார்?
இதே கைகள்தான்.
இதே கையுறைகள்கூட.

வாளியின் அடியில் போட்டு
மேலே இரண்டு கல் வைத்தேன்.
மதிலோரக் கற்குவியலில் கொட்டிவிட்டால்
யாருக்குத் தெரியப்போகிறது?
பிறகு நினைத்தேன்:
இந்த ஊர் நிலத்துக்கு வாய் மூடத் தெரியாது.
அதோடு,
முதன்முறையாக என்னுடையது ஒன்றை
எனக்கென்று தந்திருக்கிறது.
பட்டா மாற்றிக் கொடுத்த மாதிரி.
அந்தப் பத்திரத்திலேயே என் குற்றமும் இருந்தால்
என்ன செய்வது?

கால்யு பிர்ச் மரத்தடியில் குந்தியிருந்தார்.
மரத்தின் சாறு வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.
வேலிக்கு மேலாகக் கையை நீட்டினேன்.
எடுத்துப் போன மன்னிப்பு
தொண்டைக்கு வருவதற்குள்
கொக்குக் கூட்டம் ஒன்று தலைக்குமேல் கத்திக்கொண்டு போனது.
நல்ல நீளமான கூட்டம்.
இருவரும் அண்ணாந்து பார்த்தோம்,
தேவைக்கு அதிகமாகவே.

கத்தரியை வாங்கித் திறந்து பார்த்தார்.
திறக்கவில்லை.
பச்சை டேப்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தார்.

"வியாழக்கிழமை மறுபடி பனி விழும்.
அவசரப்பட்டுப் பட்டாணி போட்டுவிடாதே."

அப்புறம்,
"எண்ணெயில் ஊறப்போட்டுப் பார்க்கிறேன்" என்று
கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.
"இந்த முறை கையில்தான் தருவேன், ஐலி."

திரும்பி வந்தேன்.
ஐந்தாவது வாளி பாதியில் நிற்கிறது.
பன்றிக்குட்டி அளவில் ஒரு கல்
பாத்தி நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது.
அதைப் புரட்ட
ஒரு ஆள் போதாது.