ஏகமனதாக

செந்தூல். பதினேழு மாடி, நானூற்றிரண்டு வீடு.
மழை விட்ட ஞாயிறு. டேவானில்
சிவப்பு நாற்காலிகள், பாதிக்கு மேல் காலி.
மீகூன் பொட்டலங்களின் வாசம்
தலைவருக்கு முன்பே வந்துவிட்டது.
நான் செயலாளர். மினிட்ஸ் நோட்டு மடியில்.
தேதியோடு ஒரு சொல்லையும் வீட்டிலேயே
எழுதிக்கொண்டு வந்திருந்தேன்:
ஏகமனதாக.

பொய்யில்லை அது. கங்காதரனை
யாருக்குத்தான் பிடிக்காது?
பதினொரு மாதம் செத்துக் கிடந்த லிஃப்டை
மாநகர மன்றத்து வாசலில் உட்கார்ந்தே எழுப்பியவர்.
அதற்கு முன்பு, என் மனைவி மயங்கி விழுந்த இரவு,
பதினான்கு மாடி, ஒரு நாற்காலியில் வைத்து
ரொஸ்லியும் அவருமாக இறக்கினார்கள்.
படிக்கு ஒரு மூச்சு. அந்த மூச்சு
இன்னும் என் காதில் இருக்கிறது.

கடைசியாக ஓட்டுப் பெட்டி திறந்தது
ஒன்பது வருஷம் முன்பு.
"நின்றால் ஜெயிக்கப் போகிறவர்,
பிறகென்ன தேர்தல்?" என்றார் மிஸஸ் லிம்.
கைதட்டினோம்.
பெட்டி இப்போது ஸ்டோரில்,
தீபாவளி விளக்குச் சரங்கள் அதற்குள்.

"ஆட்சேபம் உண்டா?" என்று நான் கேட்பது வழக்கம்.
மூச்சு விடாமல் அடுத்த வரிக்குப் போவதும் வழக்கம்.
அன்று ஒரு கை.
பரிமளா, ஏழாம் மாடி,
கையுறை ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட்,
தூக்கம் கலையாத முகம்.
"என்னம்மா குறை?"
தலைவர் அன்பாகத்தான் கேட்டார்.
"குறை இல்லண்ணே. ஓட்டு வெச்சா
நானும் உங்களுக்குத்தான் போடுவேன்.
ஆனா ஒருநாள் வேணாம்னு சொல்லணும்னா
எந்தக் கதவத் தட்டுறதுன்னு தெரியல.
பெட்டிய வெளிய எடுங்கன்னு கேக்குறேன், அவ்வளவுதான்."

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை,
கல்யாண வீட்டில் ஒரு சின்னப்பிள்ளை
எதையோ உளறிவிட்டால் வரும் சிரிப்பு.
மின்விசிறி சுற்றியது. யாரோ பொட்டலம் பிரித்தார்கள்.
"எல்லாருக்கும் என்னைப் பிடிச்சிருக்கே" என்றார் தலைவர்,
நிஜமாகவே புரியாமல்.
அவளும் தலையாட்டினாள். ஆமாம், பிடித்திருக்கிறது.
அதற்கு மேல் இருவரிடமும் வார்த்தை இல்லை.

வந்தவர் அறுபத்து மூன்று. கை ஒன்று.
நோட்டில் அந்தச் சொல்லின் மை
எப்போதோ காய்ந்திருந்தது.

அடுத்த மாதம் மோட்டார் நிறுத்தும் ஸ்டிக்கர்
எல்லா வீட்டுக்கும் போனது, ஒன்றைத் தவிர.
தலைவர் சொல்லவில்லை.
தெரிந்திருந்தால் திட்டியிருப்பார்.
கமிட்டியும் சொல்லவில்லை.
ஸ்டிக்கர் கொடுப்பவன் நான்.

நேற்று விடிகாலை லிஃப்டில் அவளும் நானும்.
நன்றாகத்தான் ஏறுகிறது இப்போதெல்லாம்.
ஹெல்மெட்டை மார்போடு அணைத்து
எண்களையே பார்த்து நின்றாள்.
மூன்று. நான்கு.
என் சட்டைப் பையில் அவளுடைய ஸ்டிக்கர்,
பின்தாள் உரிக்காமல்.
ஏழு.
"வரேண்ணே" என்றாள்.

கதவு மூடும் வரை எனக்கு நேரம் இருந்தது.
மெதுவாக மூடும் கதவு அது,
ஊன்றுகோல்காரர்களுக்காக
அவர் சொல்லி வைத்தது.